ஜாக்கியும் ஸ்டாண்டும்: வீட்டில் பிரேக் பேட் மாற்ற எதை வாங்குவது?

நீலச்சக்கரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சின்ன கார். முன்சக்கர இழுவை, எடை 1100 கிலோ. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, டயர்களை முன்பின் இடம் மாற்றிப் போடுவது, இந்த மூன்றையும் இனி வீட்டிலேயே செய்ய ஆசை. காரைத் தூக்க என்ன ஜாக்கி, தூக்கியதைத் தாங்க என்ன ஸ்டாண்டு வாங்கலாம் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

கேட்க ஒரு காரணம் உண்டு. போன மாதம், காரோடு வந்த கத்தரி ஜாக்கியை வைத்து முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினேன். ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டேன். ஆனால் முதல் கியரில் விட்டிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் கை வைத்த நேரத்தில் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, பிரேக் டிஸ்க் தரையில் இடித்து நின்றது. கையை எடுக்க ஒரு நொடிதான் கிடைத்தது. அன்று இரவு முழுக்க அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கியரில் இருந்த கார் எப்படி நகர்ந்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆயில்கறை

கை தப்பியதே பெரிய விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன்: 3 டன் ட்ராலி ஜாக்கி (சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி) ஒன்று, 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி, சக்கரம் உருளாமல் தடுக்கும் ரப்பர் கட்டை ஒரு ஜோடி. உங்கள் காருக்கு இது தாராளம். கத்தரி ஜாக்கி வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்ட மட்டும்.

---

பழைய ஸ்பானர்

நீலச்சக்கரம், உங்கள் கார் நகர்ந்ததற்குக் காரணம் டிஃபரென்ஷியல், அதாவது எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு.

முன்சக்கர இழுவைக் காரில் கியர் பிடித்து நிறுத்துவது முன்சக்கரங்களைத்தான். அவை இரண்டும் தரையில் இருக்கும்வரை அந்தப் பிடிப்பு வேலை செய்யும். ஒன்றைத் தூக்கிவிட்டால் கதை மாறிவிடும். தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, அந்தரத்தில் இருக்கும் பக்கம் எதிர்த்திசையில் சுற்றி அதற்கு வழி விட்டுவிடும். எஞ்சின் அசையாமல் இருந்தாலும் கார் உருளும். ஆட்டோமேட்டிக் காரில் P-யில் (பார்க்கிங்) போட்டாலும் இதே கதைதான். முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கிய நொடியிலேயே கியரின் பிடிப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக் அப்படி இல்லை. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பின்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கும் பயனில்லை. அதனால்தான் எந்தப் பக்கம் தூக்கினாலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும் என்கிறோம். ஜாக்கிக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இந்தக் கட்டைதான். கல்லைப் பொறுக்கி வைப்பதெல்லாம் வேண்டாம். டயர் அதன்மேல் ஏறிவிடும், அல்லது கல் வழுக்கிவிடும். டயரின் வளைவோடு பொருந்தி உட்காரும் ஆப்பு வடிவக் கட்டையாக இருக்கட்டும்.

அடுத்தது, ஜாக்கி எதற்கு, ஸ்டாண்டு எதற்கு என்பது. பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் மதியம் ஒரு காரை ட்ராலி ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் சக்கரம் மாட்டும் ஹப் தரையில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் ஜாக்கியைத் தொடவில்லை. பிரித்துப் பார்த்தபோது, இறக்கும் வால்வில் இருக்கிற குண்டு சரியாக உட்காராமல் ஏதோ தூசி தடுத்திருந்தது. ஹைட்ராலிக் ஜாக்கி முழு எடையையும் ஒரு ரப்பர் சீலிலும் ஒரு சிறு எஃகுக் குண்டிலும் நிறுத்தி வைத்திருக்கிறது. மணல் துகள் ஒன்று போதும். அன்று அடியில் ஆள் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஸ்டாண்டு. கையிருப்பு குறைவென்றால் ஜாக்கியில் சிக்கனம் பாருங்கள், ஸ்டாண்டில் பார்க்காதீர்கள்.

---

மூன்றாம் கியர்

என்னிடம் 6 டன் பாட்டில் ஜாக்கி சும்மா கிடக்கிறது. 1100 கிலோ காருக்கு 6 டன் என்றால் ஐந்து மடங்குக்கு மேல் வலிமை. ட்ராலி ஜாக்கி எதற்குத் தனியாக? அதோடு ஸ்டாண்டு வைத்துக்கொண்டால் போதாதா?

---

அளவுகோல்

> 1100 கிலோ காருக்கு 6 டன் என்றால் ஐந்து மடங்குக்கு மேல் வலிமை

வலிமை உண்டு, உறுதியாக நிற்குமா என்பதுதான் கேள்வி. பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு ஒரு உள்ளங்கை அகலம். அதன்மேல் ஒற்றைத் தண்டு நேராக மேலே போகிறது, உச்சியில் ஒரு சின்ன வட்டத் தலை. கார் பக்கவாட்டில் ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் அந்தத் தண்டு சாயும். எத்தனை டன் என்று எழுதியிருந்தாலும் சாய்ந்த தண்டுக்கு அது பொருந்தாது.

இன்னொரு சிக்கல் உயரம். பாட்டில் ஜாக்கிகள் முழுக்க இறங்கிய நிலையிலேயே பெரும்பாலும் 180 முதல் 220 மி.மீ இருக்கும். சின்னக் காரின் அடியில் அது நுழையவே நுழையாது. லாரிக்கும் உயரமான வண்டிக்கும் அது நல்ல கருவி. இங்கே பொருந்தாது.

ட்ராலி ஜாக்கிக்கு நான்கு சக்கரம், நீளமான அடிப்பகுதி. ஆனால் அதிலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதன் கை ஒரு வில்போல வளைந்து மேலே போகிறது. தலை உயர உயர, முன்பின்னாகவும் கொஞ்சம் நகரும். கார் நகராமல் கட்டை கொடுத்திருப்பதால் ஜாக்கிதான் உருண்டு அந்த நகர்வை ஈடுகட்ட வேண்டும். அதனால் அதன் சக்கரம் உருள வழி இருக்க வேண்டும். சரளையிலோ மண்ணிலோ சக்கரம் புதைந்தால் ஜாக்கி உருளாது. தலை காரின் அடியில் இழுபட்டு நழுவும். தரை காங்கிரீட்டாக, சமமாக, சுத்தமாக இருக்கட்டும். தார்த்தரை வெயிலில் இளகும். அதன்மேல் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல இறங்கும். அங்கே வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே, அதன் நான்கு காலும் முழுதாக உட்காரும் அளவுக்குத் தடித்த பிளைவுட் பலகை போடுங்கள்.

நீலச்சக்கரம், எதையும் வாங்கும் முன் மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள். ஒன்று, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தில் தகட்டு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம். இரண்டு, முன்பக்கக் கிராஸ் மெம்பரின், அதாவது காரின் அடியில் குறுக்காக ஓடும் சட்டத்தின், உயரம். அங்கே ஜாக்கி வைக்கலாமா என்று காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது அந்த விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது. மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுகிற அளவு. கார் தூக்கப்படும்போது சஸ்பென்ஷன் தொங்கும். உடம்பு பத்து சென்டிமீட்டர் எழுந்த பிறகும் டயர் தரையில்தான் இருக்கும்.

---

நீலச்சக்கரம்

அளந்துவிட்டேன். விளிம்பு 190 மி.மீ. கிராஸ் மெம்பர் 170 மி.மீ, கையேட்டில் அதை ஜாக்கி வைக்கும் இடமாகப் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். டயர் தரையை விட்டபோது விளிம்பு 305-இல் இருந்தது. இந்த முறை கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்தைக் கழற்றாமல்தான் அளந்தேன்.

நான் பார்த்து வைத்திருக்கும் ஜாக்கி 2 டன், சின்னது, தூக்க எளிது. குறைந்த உயரம் 130, அதிக உயரம் 330 என்று போட்டிருக்கிறது. விளிம்பு 305-க்கு வந்தால் போதும் என்பதால் 330 போதுமே?

---

அளவுகோல்

போதாது. கணக்கைப் பாருங்கள்.

டயர் எழும்ப விளிம்பு 305. ஸ்டாண்டின் தலை 310-இல் இருக்கட்டும். ஸ்டாண்டை உள்ளே நுழைத்துச் சரிபார்க்க இன்னும் 20 மி.மீ இடைவெளி வேண்டும். ஆக விளிம்பு 330 வரை ஏற வேண்டும், அதாவது 140 மி.மீ உயர்வு. ஆனால் ஜாக்கி இருப்பது கிராஸ் மெம்பரில். கார் பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு சாய்கிறது. பின் அச்சிலிருந்து விளிம்பு சுமார் 2 மீட்டர், கிராஸ் மெம்பர் சுமார் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விளிம்பு 140 உயர கிராஸ் மெம்பர் 168 உயர வேண்டும். 170-உம் 168-உம் சேர்த்தால் 338. உங்கள் ஜாக்கி 330-இல் நின்றுவிடும்.

இங்கேதான் ஆபத்தான யோசனை வரும். ஜாக்கியின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து உயரத்தைக் கூட்டலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். உயரமான கட்டை பிளக்கும், அல்லது தலையில் உட்காராமல் சாயும். கீறல் விழாமல் இருக்க மெல்லிய ரப்பர் அட்டை சரி, உயரத்துக்காகக் கட்டை கூடாது.

அதிக உயரம் 450 மி.மீக்கு மேலும், குறைந்த உயரம் 100 மி.மீக்குக் கீழும் உள்ள 3 டன் ஜாக்கி பாருங்கள். முழு அளவு எஃகு ஜாக்கி 30 கிலோவைத் தாண்டும். அலுமினியத்தில் வந்தால் எடை கணிசமாகக் குறையும். அடிக்கடி இடம் மாற்றித் தூக்கிச் செல்பவர்களுக்கு அலுமினியம், ஒரே மூலையில் கிடக்கும் என்றால் எஃகு. பாதுகாப்பில் இந்த இரண்டுக்கும் இடையே எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நீளமான கைப்பிடி உள்ளதாக எடுங்கள். காருக்கு வெளியே நின்றபடியே ஏற்றி இறக்கலாம்.

---

மண்சாலை

எங்கள் அப்பா காலத்திலிருந்து செங்கல்லும் காங்கிரீட் கல்லும் அடுக்கித்தான் வேலை செய்கிறோம். ஒன்றும் ஆனதில்லை. ஸ்டாண்டு இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வது?

---

பற்றவைப்பு

மண்சாலை ஐயா, உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது உயிர் விஷயம் என்பதால் நேராகச் சொல்கிறேன்.

செங்கல்லும் காங்கிரீட் கல்லும் சுவரில் நிற்கும்போது எடை முழுப் பரப்பிலும் பரவி இறங்குகிறது. காரின் அடியில் வைத்தால் ஒரு தகட்டு விளிம்பு கத்திபோல ஒரே கோட்டில் அழுத்துகிறது. உள்ளே ஓட்டை உள்ள கல் என்றால் இன்னும் மோசம். இவை நொறுங்கும் பொருட்கள். இரும்பைப் போல வளைந்து காட்டாது, மரத்தைப் போல முனகாது. ஒரு மயிரிழை விரிசல் உள்ளே இருந்தால் வெளியே தெரியாது. நூறு முறை தாங்கிய கல் நூற்றொன்றாவது முறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையும்.

ஸ்டாண்டு இல்லை, வேறு வழியே இல்லை என்றால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, அகலமான அடித்தளத்தோடு அடுக்குவது மேல். மரம் நசுங்கும்போது சத்தம் போடும், மெல்ல இறங்கும். ஆனால் ஸ்டாண்டு வாங்க முடிகிற யாருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஸ்டாண்டுக்கு வருகிறேன். நான் வெல்டர், எனவே கொஞ்சம் நீளமாகப் போகும்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ராட்செட் வகை. நடுத்தண்டில் பற்கள் இருக்கும், கைப்பிடியோடு சேர்ந்த நாக்கு ஒன்று பல்லுக்கு அடியில் போய் உட்காரும். உயரம் மாற்றுவது எளிது. மற்றது முள் வகை. தண்டிலும் உடம்பிலும் ஓட்டைகள், அவற்றை ஒரு தடித்த எஃகு முள் ஊடுருவிப் போகும். உயரத்தைப் பெரிய பெரிய படிகளாகத்தான் மாற்ற முடியும், அது ஒரு குறை. ஆனால் முள் அறுபட வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அறுபட வேண்டும். முள் போயிருக்கிறதா இல்லையா என்பதும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

ராட்செட் வகையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நாக்கு பல்லுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. இதில் தவறு நடந்த உதாரணம் உண்டு. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம் பிட்ஸ்பர்க் பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்து போனதால் சில ஸ்டாண்டுகளில் நாக்கு பல்லில் போதிய ஆழம் உட்காரவில்லை. அசைந்தால் சட்டென்று இறங்கிவிடும் நிலை. அதே ஆண்டு ஜூலையில், அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளில் சிலவற்றில் வெல்டிங் குறை தெரிந்து அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். பெரிய கடையில், புதிதாக, பெட்டியோடு வாங்கியது என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தேர்வு, ராட்செட்டும் பாதுகாப்பு முள்ளும் சேர்ந்த வகை. நாக்கு நழுவினாலும் முள் பிடிக்கும். முள்ளைப் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வாங்கும்போது தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். வெல்டிங் கால் முழுக்கத் தொடர்ச்சியாக ஓடியிருக்கிறதா, இல்லை நான்கு பொட்டு வைத்து விட்டுவிட்டார்களா? வெல்டிங் ஓரத்தில் தகடு அரித்த மாதிரிப் பள்ளம் இருக்கிறதா? பெயின்ட் தடிப்பாக மூடியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சமமான தரையில் வைத்து அசைத்தால் நான்கு காலும் படிய வேண்டும். நாக்கை ஒவ்வொரு பல்லிலும் உட்கார வைத்து, தண்டை அழுத்தியும் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஒரு பல்லில் மட்டும் தளர்ந்தாலும் அந்த ஸ்டாண்டு வேண்டாம். பழைய ஸ்டாண்டு என்றால் வளைந்த கால், நீண்டுபோன ஓட்டை, துருப்பிடித்த வெல்டிங், யாரோ மறுபடி பற்றவைத்த தடம், இவற்றில் எது இருந்தாலும் பழைய இரும்புக்குப் போடுங்கள். உடைந்த ஸ்டாண்டைச் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை.

டன் கணக்கில் ஒரு நுணுக்கம். '3 டன்' என்பது சில ஸ்டாண்டில் ஒன்றுக்கு, சிலவற்றில் ஜோடிக்கு. ஒட்டுத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள்.

---

மூன்றாம் கியர்

நல்ல விளக்கம், நன்றி. என் பாட்டில் ஜாக்கி யோசனையை விட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி. 1100 கிலோ காரின் முன்பக்கம் 60 சதவீதம் என்று வைத்தால் 660 கிலோ. ஸ்டாண்டு ஒன்றுக்கு 330 கிலோதான். அப்படியிருக்க 2 டன் ஸ்டாண்டே அதிகமில்லையா? 3 டன் எதற்கு? அப்படிப் பார்த்தால் 6 டன் இன்னும் நல்லதா?

---

அளவுகோல்

எடைக் கணக்கு சரி. 2 டன் ஸ்டாண்டும் இந்தக் காரைத் தாங்கும். ஆனால் நாம் காரை வெறுமனே நிறுத்தி வைப்பதில்லை. இறுகிய நட்டை நீளமான ஸ்பானரால் இழுக்கிறோம், சுத்தியலால் தட்டுகிறோம். அப்போது வரும் விசை பக்கவாட்டில் வருகிறது. அதைத் தாங்குவது அடித்தளத்தின் அகலமும் தகட்டின் தடிமனும்தான். 3 டன் ஸ்டாண்டில் இரண்டும் கூடுதல்.

6 டன் வேண்டாம். அதன் குறைந்த உயரமே 400 மி.மீ சுற்றி இருக்கும். சின்னக் காரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோவது தேவையில்லாத ஆபத்து. 3 டன் வகை பெரும்பாலும் 280-290-இல் தொடங்கி 420 வரை போகும். நீலச்சக்கரத்தின் 310 அதற்குள் அழகாக அடங்கும். ஸ்டாண்டு எவ்வளவு தாழ்வாக நிற்கிறதோ அவ்வளவு உறுதி.

---

ஆயில்கறை

ஆயில் மாற்ற மட்டும் என்றால் ஸ்டாண்டைவிட, முன்சக்கரங்களை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சாய்தளம் எனக்குப் பிடிக்கும். சக்கரம் கழற்ற வேண்டியதில்லை, கார் தன் டயரிலேயே நிற்கிறது. வழவழப்பான தரையில் ஏறும்போது சாய்தளம் முன்னால் வழுக்கிப் போகும், அதனால் அடியில் ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது வெளியே ஒருவர் பக்கவாட்டில் நின்று கை காட்டட்டும், காருக்கு முன்னால் நிற்க வேண்டாம். ஏறியதும் ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை. பிரேக் வேலைக்கு மட்டும் ஸ்டாண்டு.

---

மின்னோட்டம்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு குறிப்பு. எங்கள் கார்களில் தரை முழுக்க பேட்டரிப் பெட்டி. ஜாக்கியின் தலை அதில் பட்டு அழுத்தினால் பெட்டி நசுங்கும், அதன் விளைவு தீயாகவும் இருக்கலாம். கையேடு காட்டும் நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். அந்த இடத்தில் பொருந்தும் ரப்பர் குமிழ் தனியாகக் கிடைக்கும். எடையும் அதே அளவுப் பெட்ரோல் காரைவிடக் கூடுதல். காற்று சஸ்பென்ஷன் உள்ள எந்தக் காராக இருந்தாலும், தூக்கும் முன் அதை ஜாக்கி நிலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கார் தானாகவே உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

---

நீலச்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. 3 டன் ட்ராலி ஜாக்கி (95 முதல் 500 மி.மீ), முள்ளோடு கூடிய 3 டன் ராட்செட் ஸ்டாண்டு ஒரு ஜோடி, ரப்பர் கட்டை நான்கு வாங்கிவிட்டேன். ஸ்டாண்டைப் புரட்டிப் போட்டு வெல்டிங் பார்த்தேன். முதலில் கொடுத்த ஜோடியில் ஒன்று தரையில் ஆடியது, மாற்றி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல்முறை தூக்கப் போகிறேன். பழைய ஸ்பானர் அண்ணா, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பழைய ஸ்பானர்

தம்பி, சனிக்கிழமையே ஜாக்கியைப் பழக்கிவிடுங்கள். புது ஜாக்கியில் காற்று அடைத்திருக்கும். இறக்கும் வால்வைத் திறந்து வைத்துக் கைப்பிடியை பத்துப் பதினைந்து முறை அடித்தால் பெரும்பாலும் போய்விடும். பிறகு, சக்கரங்களைக் கழற்றாமலே முன்பக்கத்தைத் தூக்கி, தலை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பில் அளந்து, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். யாரும் பக்கத்தில் போக வேண்டாம். ஒன்றிரண்டு மி.மீ இறங்கியிருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் இறங்கினால் திருப்பிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, தூக்கும் முன்பே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். கார் ஸ்டாண்டில் நிற்கும்போது முழு பலத்தோடு நட்டைத் திருகுவதுதான் பலர் காரைச் சாய்க்கிற இடம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. நான்கு கட்டை வாங்கியது நல்லது. காருக்குள் யாரும் இருக்கக் கூடாது, கதவுகள் மூடியிருக்கட்டும்.

ஜாக்கியின் தலை கிராஸ் மெம்பரின் நட்ட நடுவில் இருக்கிறதா என்று தரையில் படுத்து, வெளியே இருந்தபடி டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் தங்கும் ஆயில் பேன் பக்கத்திலேயே இருக்கும். அதன்மேல் வைத்துத் தூக்கினால் உடைந்து ஆயில் எல்லாம் கொட்டும். ஐந்தாறு அடி அடித்து, நின்று, கார் நேராக எழுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். மீண்டும் அடியுங்கள்.

உயரம் வந்ததும் ஸ்டாண்டை விளிம்பின் கீழ் தள்ளி, இரண்டும் ஒரே பல்லில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, நாக்கின் கைப்பிடியை நன்றாகக் கீழே அழுத்தி, முள்ளைச் செருகுங்கள். தட்டையான இரும்புத் தலைமேல் விளிம்பு உட்கார்ந்தால் தகடு மடங்கும், அதனால் பள்ளம் வெட்டிய ரப்பர் அட்டை போடுங்கள். தலையில் அசையாமல் பொருந்துவதாக இருக்க வேண்டும், வெறும் ரப்பர் துண்டு வழுக்கும். அப்புறம் வால்வை ஒரு மயிரளவு மட்டும் திறந்து, மிக மெல்ல இறக்குங்கள். எடை ஸ்டாண்டுக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் கண்ணை எடுக்காதீர்கள்.

இனி காரைத் தோளால் தள்ளுங்கள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும், வேலை செய்யும்போது எவ்வளவு இழுப்பீர்களோ அதைவிடக் கூடுதலாக. விழுவதென்றால் இப்போதே விழட்டும், நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். ஆடவில்லை என்றால் ஜாக்கியை லேசாக உயர்த்திக் கிராஸ் மெம்பரைத் தொடும் அளவில் விட்டு வையுங்கள். கழற்றிய சக்கரத்தை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கள். எல்லாம் போய்விட்டாலும் கார் அந்தச் சக்கரத்தின்மேல் உட்காரும், உங்கள்மேல் அல்ல.

நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தூக்குவது இப்போது வேண்டாம். முன்பக்கம் ஸ்டாண்டில் இருக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கினால் முன் ஸ்டாண்டுகள் சாயப் பார்க்கும். அது பழகியவர்கள் அங்குலம் அங்குலமாகச் செய்கிற வேலை.

வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுச் செய்யுங்கள். போன் சட்டைப்பையில் இருக்கட்டும்.

---

நீலச்சக்கரம்

வேலை முடிந்தது! முன்பக்க பேட் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமைச் சோதனையில் அரை மணி நேரத்தில் 1 மி.மீ கூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு சிக்கல். எடையை ஸ்டாண்டுக்கு மாற்றும்போது வலப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால் தரையில் படியவில்லை, அடியில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. நான் கவனிக்காமலே இருந்த விஷயம், அந்த இடத்தில் தரை மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். மறுபடி தூக்கி, ஸ்டாண்டை எடுத்து, காரை முழுக்க இறக்கி, ஒரு மீட்டர் முன்னால் கொண்டுபோய் முதலிலிருந்து தொடங்கினேன். இருபது நிமிடம் கூடுதலாக ஆனது. இரண்டாம் முறை நான்கு காலும் படிந்தன.

தோளால் தள்ளியபோது கார் அசையவே இல்லை. போன மாதம் கேட்ட அந்தச் சத்தம் நினைவில் இருந்ததால் இரண்டு மூன்று முறை தள்ளிப் பார்த்தேன்.

இரண்டு கேள்வி பாக்கி. ஜாக்கியை எப்படி எடுத்து வைப்பது? காரோடு வந்த கத்தரி ஜாக்கியை இனி என்ன செய்வது?

---

பற்றவைப்பு

தாள் நுழையும் இடைவெளிக்காக முழுக்க இறக்கி மறுபடி தொடங்கினீர்களே, மிகச் சரி. அட்டையை மடித்துச் செருகியிருந்தால் திட்டியிருப்பேன்.

ஜாக்கியை முழுக்க இறக்கிய நிலையில் வையுங்கள். தண்டு உள்ளேயே இருந்தால் துருப்பிடிக்காது, சீலும் கெடாது. ஆயில் குறைந்தால் ஜாக்கி ஆயில் மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் ஊதிக் கெட்டுவிடும்.

---

பழைய ஸ்பானர்

கத்தரி ஜாக்கி காரிலேயே இருக்கட்டும். அதன் திருகுக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டு, கூடவே இரண்டு ரப்பர் கட்டையும், ஜாக்கியின் அடித்தட்டைவிட அகலமான ஒரு பலகையும் டிக்கியில் போட்டு வையுங்கள். வழியில் பஞ்சரானால் கார் தூக்கியதுமே ஸ்டெப்னியை விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, அப்புறம் நட்டைக் கழற்றுங்கள். பஞ்சரான சக்கரம் வெளியே வந்ததும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டலாம்.